பழனிப் பாதயாத்திரையும் வலிக்காத கால்களும்

நத்தத்திலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் எங்கள் மருத்துவப் பந்தல். தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒருவர் வந்தார். வயது 58, காரைக்குடிப் பக்கம். காலில் தேய்க்க எண்ணெய் கேட்டுத்தான் வந்தார். பெஞ்சில் உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தால், பெருவிரலுக்கு அடியில் சீமைக் கருவேல முள் ஒன்று ஒடிந்து உள்ளேயே நிற்கிறது. சுற்றிலும் சிவந்து தடித்திருந்தது. லேசாக அழுத்தியதும் சீழ் வந்தது. முள் ஏறி இரண்டு நாளாவது ஆகியிருக்கும்.

"வலிக்கலையாய்யா?"

"இல்லையே சார். முருகன் வலியே தெரியாம நடத்திக் கூட்டியாறான்."

கூட வந்த மைத்துனர் அதைக் கேட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" என்றேன். பதினாலு வருஷம்.

நான் அறுவை சிகிச்சை மருத்துவர். வருஷம் முழுக்கப் பார்ப்பதில் பெரும்பகுதி சர்க்கரை நோயாளிகளின் கால் புண்தான். தை மாதம் வந்தால் நண்பர்களோடு சேர்ந்து இந்தச் சாலையில் பந்தல் போட்டு உட்காருவேன். நானும் இரண்டு முறை நடந்திருக்கிறேன், அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன். பந்தலுக்குக் கொப்புளத்தோடு, கெண்டைக்கால் பிடிப்போடு, "ஐயோ அம்மா" என்று அலறிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்து நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கால் வலித்தால் மனிதன் தானாகவே உட்கார்ந்துவிடுவான். எண்ணெய் மட்டும் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே போகிறவரைத்தான் மறித்து உட்காரவைத்துக் காலைப் பார்ப்பேன்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டது. தமிழ்நாடு தேசிய சராசரியைவிட மேலே இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவர்கள் நாற்பது பேர் உள்ள பாதயாத்திரைக் குழு என்றால் அதில் எத்தனை பேருக்குச் சர்க்கரை இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பல வருஷம் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் காலுக்குப் போகும் மெல்லிய நரம்புகள் முதலில் கெடும். ஆரம்பத்தில் எரிச்சல், மதமதப்பு, பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருக்கும். அப்புறம் அதுவும் போய்விடும். எரிச்சல் நின்றதும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நரம்பு முழுதாகக் கெட்டதால் எரிச்சலும் தெரியாமல் போயிருக்கும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இப்ஸ்விச் தொடு சோதனை என்று பெயர், செலவே கிடையாது. நடக்கப் போகிறவரைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். மனைவியோ மகனோ ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய கால் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் என்று ஒரு காலுக்கு மூன்று இடத்தில், இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடத்தில், விரல் நுனியை ஓரிரு நொடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அடுத்து மருத்துவரிடம் போய் மெல்லிய நைலான் இழையால் காலைத் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மாலை போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பந்தலில் நான் கண்டுபிடித்துச் சொல்லும்போது அவர் எழுபது கிலோமீட்டர் நடந்து முடித்திருப்பார். பாதி வழியில் திரும்பிப் போங்கள் என்றால் யார் கேட்பார்கள்?

உணர்ச்சி இல்லாத காலோடு வெறுங்காலில் நடக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தை மாதம் காற்று இதமாக இருக்கும், ஆனால் பதினோரு மணிக்கு மேல் தார்ச் சாலையில் கையை வைத்துப் பாருங்கள். காற்றின் சூட்டைவிட தார் எவ்வளவோ மேலே போய்விடும். உணர்ச்சி உள்ளவன் துள்ளிக் குதித்து மண்ணில் இறங்குவான். மரத்துப்போன கால் அப்படியே வெந்துகொண்டு நடக்கும். கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக்கொண்டு பங்குனி உத்திரத்துக்குப் பழனி வருகிற கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு இது இன்னும் மோசம். பங்குனி வெயில் தை வெயில் மாதிரி இருக்காது.

வெந்நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழி நெடுகப் பந்தல்களில் உப்புப் போட்ட வெந்நீர் வைத்திருப்பார்கள். முன்பின் தெரியாத பையன்கள் குனிந்து உட்கார்ந்து உங்கள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கழுவி, எண்ணெய் தேய்த்துவிடுவார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் அந்த வெந்நீரில் காலை வைத்து, இதமாக இருக்கிறது என்று பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, எடுக்கும்போது தோல் கையோடு உரிந்து வந்த காலையும் பார்த்திருக்கிறேன். பந்தல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் போதும். முதலில் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொப்புளத்தின் மேல் தைலம் போட்டுத் தேய்க்காதீர்கள்.

இப்போது உணர்ச்சி நன்றாக இருக்கிற காலுக்கு வருவோம்.

மாலை போட்டதும் செருப்பைக் கழற்றிவிடுகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு மண்டலம், 48 நாள், வீட்டிலும் கடையிலும் தெருவிலும் வெறுங்கால்தான். உள்ளங்கால் தோல் தடித்துக் கெட்டிப்பட அந்த ஆறேழு வாரம் தேவைப்படுகிறது. முன்னோர்கள் இதை யோசித்துத்தான் வைத்தார்களா என்று எனக்குத் தெரியாது, அப்படிப் பெருமை பேசவும் எனக்கு வராது. ஆனால் முழு மண்டலம் விரதம் இருந்து வருகிறவர்களின் கால், புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலை போட்டுக்கொண்டு வரும் ஐ.டி. பையன்களின் காலைவிட நன்றாகத் தாங்குவதை வருஷாவருஷம் பார்க்கிறேன். ஏசி அறையில் சாக்ஸ் போட்டுப் பழகிய கால், முதல் நாள் முப்பது கிலோமீட்டரில் பப்பாளிப் பழம் மாதிரி ஆகிவிடும்.

அதனால் கார்த்திகையிலேயே நடக்க ஆரம்பியுங்கள். முதல் வாரம் ஐந்து கிலோமீட்டர் போதும், வாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய்ப் பதினைந்தில் நிறுத்தலாம். ஒருநாள் பதினைந்து நடப்பது பெரிய காரியமில்லை. மறுநாள் காலை எழுந்து திரும்பப் பதினைந்து நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேர்ந்தாற்போல் ஒருமுறையாவது நடந்து பாருங்கள். டிரெட்மில்லில் ஓடுகிறேன், ஜிம் போகிறேன் என்பதெல்லாம் கணக்கில் சேராது. கால் சாலையைத் தொட வேண்டும்.

ஷூ போட்டு நடப்பவர்களுக்கு என் சொந்தக் கதை. முதல் முறை நடந்தபோது, டாக்டர் ஆயிற்றே, எல்லாம் தெரியும் என்ற நினைப்பில், புத்தம் புதிய ஷூ ஒன்றை விலை கொடுத்து வாங்கிப் புறப்பட்டேன். நீண்ட தூரம் நடந்தால் பாதம் வீங்கும் என்று நானே நோயாளிகளுக்குச் சொல்வேன். என் ஷூவில் வீக்கத்துக்கு இடமே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் இரண்டு பெருவிரல் நகமும் கன்றிக் கறுத்துவிட்டன. கத்திரிக்காய் நிறம். நகம் விழுந்து புது நகம் முழுதாக வளர ஒரு வருஷம் ஆனது. பிளாஸ்டிக் செருப்போடு பக்கத்தில் நடந்த எழுபது வயது ஆச்சி என்னைப் பார்த்து, "தம்பி என்ன வேலை பாக்குது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

ஷூ என்றால் அரை அளவு பெரிதாக, குறைந்தது ஒரு மாதம் போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் கடைக்குப் போய் வாங்குங்கள். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். ஈரம், சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். வருவதற்கு முன்பு அந்த இடம் சூடாகக் காந்தும். அப்போதே, 'அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம்' என்று நினைக்காமல், ஓரமாக உட்கார்ந்து துடைத்து, காகித டேப் ஒட்டிவிட வேண்டும். மருந்துக் கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் கொடுப்பார்கள். பிளாஸ்திரியைவிட அது மேல், பிரிக்கும்போது தோலைப் பிய்க்காது.

கொப்புளம் வந்தே விட்டதா? சின்னதாக இருந்தால் தொடாதீர்கள். பெரிதாக விம்மி நடக்கவே முடியவில்லை என்றால், ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் ஒரு துளை போட்டு நீரை மட்டும் வடியவிட்டு, மேல்தோலை அப்படியே விட்டுக் கட்டுப் போட வேண்டும். அந்த மேல்தோலைவிட நல்ல கட்டுத்துணி எந்தக் கடையிலும் கிடையாது. சட்டையில் மாட்டும் ஊக்கால் குத்துகிறார்கள், நூலைக் கோத்து உள்ளேயே விடுகிறார்கள், தோலைக் கத்தரித்து மஞ்சள் தூளை அப்புகிறார்கள். வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் எந்தக் கொப்புளத்தையும் தாங்களே குத்தக் கூடாது. டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால், புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

தொடை உரசல் பற்றி யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் நடையை நிறுத்துவதில் அதற்கும் பங்கு உண்டு. வேட்டிக்குள் முழங்கால் வரை பருத்தி அரைக்கால் சட்டை, காலையிலேயே கொஞ்சம் வாசலின். அவ்வளவுதான்.

மாத்திரை விஷயம் பெரியது. "விரதம் இருக்கேன், அதனால இங்கிலீஷ் மருந்து நிறுத்திட்டேன்" என்பவர்கள் ஒரு பக்கம். ரத்த அழுத்த மாத்திரையை, அதைவிட மோசமாக, ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. இன்னொரு பக்கம், ஒருவேளை மட்டும் சாப்பிட்டுவிட்டுச் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் முழு அளவும் போட்டு, அதன்மேல் முப்பது கிலோமீட்டர் நடப்பவர்கள். கிளிமிபிரைடு மாதிரியான மாத்திரைகளும் இன்சுலினும் சாப்பாடு குறைந்தால் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், சொல்வது புரியாது. கூட்டத்தில் இதைக் களைப்பு என்பார்கள். சாமி வந்துவிட்டது என்று விபூதி பூசிக்கொண்டிருந்த ஒருவரை நான் ஒருமுறை பார்த்தேன். சர்க்கரை அளவு 42-க்கு இறங்கியிருந்தது. நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்சுலின் போடுபவர்கள் நடைநாட்களில் தொடையில் போட வேண்டாம். நடக்கும்போது தொடையிலிருந்து மருந்து வேகமாக ரத்தத்தில் ஏறும், வயிற்றில் போடுவது நல்லது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சிறுநீர் வழியே சர்க்கரையையும் நீரையும் வெளியேற்றுபவை. பட்டினியும் நீர் வற்றலும் சேர்ந்தால் அவை ஆபத்தாகலாம். எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று உங்கள் மருத்துவரிடம் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே கேளுங்கள். பாதயாத்திரை போகிறேன், இத்தனை கிலோமீட்டர், இன்னின்ன விரதம் என்று முழுதாகச் சொல்லுங்கள். திட்டுவார் என்று பயந்து சொல்லாமல் போகிறவர்கள்தான் எங்கள் பந்தலில் வந்து விழுகிறார்கள்.

"ஒரு வலி ஊசி போட்டுவிடுங்க, நடந்துருவேன்" என்பது பந்தலில் அதிகம் கேட்கும் வாக்கியம். நான் போடுவதில்லை, அதனால் எனக்கு அங்கே கொஞ்சம் கெட்ட பெயரும் உண்டு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்து சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. அதோடு ரத்த அழுத்தத்துக்குச் சில வகை மாத்திரைகளும் நீர் போகிற மாத்திரையும் சாப்பிடுகிறவர் என்றால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கிவிடலாம். வலிக்குப் பாராசிட்டமாலும் ஓய்வும் போதும். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்க ஆரம்பித்திருக்கலாம். அங்கேயே நடையை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு இறங்கும். நீர்மோர் கிடைத்தால் குடியுங்கள், உப்புப் போட்டது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலைந்து பையில் இருக்கட்டும். இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து. பெண்களுக்கு இதில் தனிக் கஷ்டம். வழியில் கழிப்பறை கிடையாது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் நடக்கிறார்கள். மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். அன்னதானத்துக்கு இத்தனை பந்தல் போடுகிற ஊரில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தர ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த வருஷம் கேசரி போடப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கேசரி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. சாப்பாட்டில், கண் முன்னால் ஆவி பறக்க வருவதைச் சாப்பிடுங்கள். காலையில் கிளறிப் பொட்டலம் கட்டி மத்தியானம் வரை வேனில் கிடந்த புளிசாதம், தயிர்சாதம் வேண்டாம்.

சாலை விபத்து என் துறையின் இன்னொரு பாதி. வெயிலுக்குப் பயந்து இரவு இரண்டு மணிக்கே புறப்படுகிறார்கள். தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நிலா வெளிச்சம் இருக்கும் என்று ஒரு நினைப்பு. ஆனால் வழியில் இருக்கும் நாட்களெல்லாம் வளர்பிறை. அஷ்டமி நிலா நள்ளிரவை ஒட்டி மறைந்துவிடும். விடிவதற்கு முந்தைய இருட்டில், லாரி ஓட்டுநருக்குக் கண் சொக்கும் நேரத்தில், கறுப்பு, பச்சை, காவி உடையில் நடக்கிறவர் தெரியவே மாட்டார். முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டுங்கள், பையிலும் கைத்தடியிலும்கூட. வாகனம் எதிரே வரும்படி சாலையின் வலது ஓரத்தில் ஒற்றை வரிசையில் நடங்கள். ஒரு காதிலாவது பாட்டு ஓடாமல் இருக்கட்டும். களைப்பில் நிறுத்தியிருக்கும் லாரிக்கு அடியில் நிழல் என்று படுக்காதீர்கள். இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி தாண்டி மலை தெரிந்ததும் எல்லோருக்கும் வேகம் வந்துவிடும். அரோகரா போட்டுக்கொண்டு மூச்சிரைக்கப் படியேறுவார்கள். நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தால், தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினால், குளிர்ந்து வேர்த்தால் வாயு என்று சோடா குடிக்காதீர்கள். அப்படியே உட்காருங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள். யானைப் பாதை இருக்கிறது, விஞ்ச் என்கிற இழுவை ரயில் இருக்கிறது, ரோப் கார் இருக்கிறது. முட்டி தேய்ந்தவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதில்தான் சங்கடம், இறங்கும்போதாவது வண்டியில் வாருங்கள்.

ஊர் திரும்பிய பிறகு பத்து நாளைக்குத் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

முள் குத்திய அந்த அய்யாவைத் திண்டுக்கல் மருத்துவமனையில் போய்ச் சேர்ந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். மாலை போட்டவன் பாதியில் வண்டி ஏற மாட்டேன் என்று நடந்தே போய்விட்டார். பூசம் முடிந்து ஒன்பதாம் நாள் என்னிடமே வந்தார். சீழ் எலும்பு வரை இறங்கியிருந்தது. பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த கார்த்திகையில் திரும்ப வந்து நின்றார். "இந்த வருஷமும் நடக்கணும் சார்." அரை மணி நேரம் பேரம் நடந்தது. பின்பக்கம் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி வைத்தது) போட வேண்டும், ஆயக்குடி வரை வேனில் வர வேண்டும், அங்கிருந்து மட்டும் நடக்கலாம், மலைக்கு விஞ்ச். ஒப்புக்கொண்டு போனவர், தை கழிந்து பஞ்சாமிர்தத்தோடு வந்தார். காலைப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை.

"முருகன் கோவிச்சுக்கலையே?" என்றேன்.

"அவரு ஒண்ணும் சொல்லலை சார். என் மச்சான்தான் 'ஆயக்குடி சாமி'ன்னு பேரு வச்சு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறான். அவனுக்கும் சுகர் இருக்கு. நாளைக்கு இழுத்துக்கிட்டு வாறேன், அந்த விரலால தொட்டுப் பாக்குற சோதனையைப் பண்ணிவிடுங்க."